கப்பல் சிக்கனச் சங்கம்

உல்லாசக் கப்பலில் போய்வர ஆகும் செலவை மிச்சம் பிடிப்பது எப்படி என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள். எனக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். தங்க நிற எழுத்து, பச்சை மையில் கையெழுத்து, மூலையில் ஒரு கப்பல் படம். சட்டம் போட்டு மாட்டத் தோதான சுவர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதை இடித்தாயிற்று. ஏன் இடித்தோம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

என் பெயர் சம்பந்தம். ஆரணியை ஒட்டிய சேவூரில் வீடு. வீடு பாதி, தறி பாதி. குழித்தறி. குழிக்குள் காலை விட்டுக்கொண்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து பட்டு நெய்ய வேண்டும். இரண்டு தறி இருக்கிறது. ஒன்றில் நான், மற்றதில் என் மனைவி உண்ணாமலை. என் தறி வாசலைப் பார்த்தது. டவுன் பஸ் போவது, பள்ளிக்கூடம் விடுவது, யார் வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை வருகிறான் என்பது எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். அவள் தறி பின்பக்கத்தைப் பார்த்தது. தலையை நிமிர்த்தினால் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு இழை, பாவைத் தாண்டினால் சுவர். அந்தச் சுவரில் ஜன்னல் கிடையாது. காற்று அடித்தால் பட்டு இழை காய்ந்து அறுந்துபோகும், வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று வீட்டைக் கட்டும்போதே என் அப்பா அடைத்துவிட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உண்ணாமலை பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த வருஷம் அது. ஓர் அமாவாசை. அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. எந்தக் குழியிலும் யாரும் காலை விடமாட்டோம். தலைமுழுகி, படையல் போட்டுச் சாப்பிட்டுவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு கப்பலைக் காட்டினான். ஏழெட்டு மாடிக் கப்பல். அதில் ஓர் அறை, அறையில் ஒரு ஜன்னல், ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, அவளப் பாருங்க" என்றாள் உண்ணாமலை. "அவ மூஞ்சிக்கு எதுர சொவுரே இல்ல."

"கடல் கீது."

"அதத்தான் சொல்றன். எனக்கு ஊரு சுத்தணும்னு இல்ல. வகவகயா துன்னணும்னு இல்ல. அந்த மாதிரி ஒரு ஜன்னலாண்ட ஒரு நாளு குந்திகினு இருந்தா போதும்."

அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. தாலிச் சரடு தேய்ந்தபோதுகூட நானாகப் பார்த்துத்தான் மாற்றினேன். அதனால், "போலாம்டி" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாரமே, சொல்லி வைத்தாற்போல, ஆரணியில் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்.

சங்கத்தின் முழுப்பெயர், ஆரணி வட்டாரப் பட்டு நெசவாளர் உல்லாசக் கப்பல் பயணத் திட்டமிடல் மற்றும் சிக்கன விழிப்புணர்வுச் சங்கம். பெயர்ப்பலகை கட்டடத்தின் முன்பக்கம் கொள்ளவில்லை. 'சிக்கன' என்பதோடு தெரு முடிந்துவிட, 'விழிப்புணர்வு' சந்துக்குள் திரும்பிவிட்டது. தலைவர் ஜெயக்குமார். எங்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்கிற முதலாளி அவர். செயலாளர் அன்புச்செல்வன், செய்யாரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் ஆணி வேண்டும் என்றாலும் மூன்று பிரதி எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பழகிய மனுஷன். சந்தாவை முதலாளியே எங்கள் கூலியில் பிடித்துக்கொண்டார். பணம் கைக்கு வந்தால்தானே செலவாகும், வரவே வராவிட்டால் எவ்வளவு சிக்கனம் என்று எங்களுக்கு விளக்கப்பட்டது.

தொடக்க விழாவில் தலைவர் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! கப்பல்ல போறது பெரிய விஷயமே இல்ல. காசிருக்கிறவன் எவன் வேணாலும் போயிடுவான். போறதுக்கு முன்னாடி யோசிக்கிறான் பாருங்க, அவன்தான் மனுஷன். நம்ம சங்கம் யோசிக்கிற சங்கம். போற சங்கம் இல்ல!"

எல்லாரும் கை தட்டினோம். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உண்ணாமலை கேட்டாள்: "அப்போ எப்பங்க போறது?"

முதல் கூட்டத்தில் முதல் குறிப்பு வந்தது. எவ்வளவு முன்னாடி டிக்கெட் போடுகிறோமோ அவ்வளவு மலிவு. நியாயமான பேச்சுதான், எனக்கும் புரிந்தது. ஆனால் அதோடு விட்டார்களா? ஆறு மாதம் முன்னாடி போட்டால் இவ்வளவு குறைகிறது, ஒரு வருஷம் முன்னாடி போட்டால் இன்னும் குறையும், பத்து வருஷம் முன்னாடி போட்டால் கப்பல்காரனே நம் வீடு தேடி வந்து பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று தலைவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். கூட்டம் வாயைப் பிளந்தது. கப்பல் கம்பெனியில் கேட்டால், ஆறு மாதத்துக்கு முன்னால் பதிவே திறக்க மாட்டோம் என்கிறான்.

"அது அவங்க நிர்வாகக் கோளாறு" என்றார் அன்புச்செல்வன். "அவங்க திறக்கிற வரைக்கும் நம்ம கையக் கட்டிகிட்டு இருக்க முடியாது. முன்பதிவுக்கான முன்பதிவை நம்ம சங்கத்துலயே போட்டுடலாம்."

அதற்குத் தனிக் கட்டணம். தகரத்தில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். உண்ணாமலை அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் வைத்தாள். தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டாவது குறிப்பு, எல்லாரும் போகிற காலத்தில் போகாதே என்பது. தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூட லீவு என்றால் விலை ஏறிவிடும். இதுவும் சரிதான். எங்களுக்கு ஒழிந்த காலம் எது? ஆடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பட்டுச் சேலை நகராது, முதலாளி பாவு கொடுக்கமாட்டார். அதிலும் ஆடி அமாவாசையன்று கிளம்பினால் தறிக்கும் நஷ்டமில்லை. ஆகவே கொச்சியிலிருந்து லட்சத்தீவு போய்வரும் மூன்று ராத்திரிக் கப்பலை ஆடி அமாவாசையன்று கிளப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டு, கம்பெனிக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார்கள். ராகுகாலம் தவிர்த்து, என்று அடியில் ஒரு வரி.

பதில் வந்தது. ஆடி மாதத்தில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் கப்பலே ஓடாது. மற்ற மாதங்களில் வியாழக்கிழமைதோறும் ஓடும். அமாவாசை என்பது என்ன என்று தயவுசெய்து தெரியப்படுத்தவும்.

தலைவர் இதைப் படித்ததும் முகமெல்லாம் பல்லானார். "பாத்தீங்களா? ஆடியில டிக்கெட் விலை என்னா? ஒண்ணுமே இல்ல! இதவிட மலிவா உலகத்துல எந்தக் கப்பல் இருக்குது?"

மறுபடியும் கைதட்டல். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றேன்.

"மொதலாளி, கப்பலே போவலீங்களே?"

அன்புச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் சம்பந்தம், நீங்க கட்டணத்தையும் பயணத்தையும் போட்டுக் குழப்பிக்கிறீங்க. இன்னிக்கு அஜெண்டாவுல இருக்கிறது கட்டணம். பயணம் அடுத்த கூட்டத்துல வரும்."

அடுத்த கூட்டத்தில் பயணம் வரவில்லை, வாந்தி வந்தது. கப்பலில் தலை சுற்றினால் டாக்டர் பீஸ் அநியாயமாகக் கேட்பான், ஆகவே இங்கேயே பழகிக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம் என்று மூன்றாவது குறிப்பு சொன்னது. பழகுவதற்கு, கலசப்பாக்கம் போகிற பஸ்ஸின் கடைசி சீட்டில் எங்களை உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்கள். போளூர் ரோடு அப்போது இருந்த லட்சணத்துக்கு எந்தக் கடலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கண்டக்டர் எங்களைத் திட்டிய திட்டை எழுத்தில் போட முடியாது. செயலாளர் முன் சீட்டில் உட்கார்ந்து, யார் யார் வாந்தி எடுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எடுக்காதவர்களைப் பாராட்டினார். எடுத்தவர்களிடம் மறுபயிற்சிக் கட்டணம் பிடித்தார்.

நான்காவது குறிப்பு, சாப்பாடு. டிக்கெட்டிலேயே சாப்பாடு சேர்ந்திருக்கிறதாம், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமாம். அப்படியென்றால் ஒரு வேளைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டை உள்ளே தள்ளுகிறவனுக்குத்தான் லாபம். கல்யாண மண்டபத்தில் வயிறு விரிக்கும் பயிற்சி வைத்தார்கள். பயிற்சிக்கான சோற்றை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று நோட்டீஸில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. உண்ணாமலை தூக்குச்சட்டி நிறைய எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் சோற்றை நாங்களே தின்றுவிட்டு, ஏப்பம் விட்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

இதையெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஜன்னல் வரும், ஜன்னல் வரும் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது குறிப்பில்தான் ஜன்னல் வந்தது.

"கப்பல்ல ரூமு மூணு தினுசு" என்றார் தலைவர். "பால்கனி ரூமு, ஜன்னல் ரூமு, உள்ரூமு. உள்ரூமுக்கு ஜன்னலே கிடையாது. அதனால பாதி விலை. நம்ம எதுக்குப் போறோம்? ராத்திரியில தூங்கறதுக்கு. கண்ண மூடிகினு தூங்கறவனுக்கு ஜன்னல் எதுக்கு? உறுப்பினர் அத்தன பேருக்கும் உள்ரூமுதான்!"

கைதட்டல் ஓய்வதற்குள் உண்ணாமலை எழுந்துவிட்டாள். அந்தச் சங்கத்தில் எழுந்து நின்று பேசிய முதல் பொம்பளை அவள்தான். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேசினாள்.

"மொதலாளி, எனக்கு ஜன்னல்தாங்க வோணும். அதுக்குத்தான் நானு வர்றதே. எறங்கி ஊரு சுத்திக் காட்ட வேணாம். மேல ஆடறது பாடறது எதுவும் வேணாம். வயிறு முட்டத் துன்னவும் வேணாம். அதுக்கெல்லாம் ஆவுற துட்ட எடுத்து ஜன்னலுக்குப் போட்டுக்குங்க."

கப்பல் செலவைப் பற்றி அந்தச் சங்கத்தில் யாராவது உருப்படியாகச் சொன்னது அது ஒன்றுதான். வேண்டாததை விட்டு, வேண்டியதற்குச் செலவு செய். அவ்வளவுதானே விஷயம்? அதற்கு ஒரு சங்கமா, ஒரு பலகையா, சந்துக்குள் திரும்பிய ஒரு விழிப்புணர்வா?

தலைவர் சிரித்தார். நல்ல மனுஷன் சிரிப்பு. "உண்ணாமலை, உள்ரூமு உனக்குத்தாம்மா ரொம்பப் பொருத்தம். கல்யாணம் ஆன நாள்லேருந்து சொவுத்தப் பாத்துகினே நெய்யற. உனக்குப் பழக்கம். பழக்கம் இல்லாதவங்கள நெனச்சுப் பாரு, அவங்கதான் பாவம். எங்க வீட்டம்மாவெல்லாம் உள்ரூமுல ஒரு நிமிசம் இருக்கமாட்டா, மூச்சு முட்டும். உனக்கு இருக்கிற தைரியம் அவளுக்கு இல்ல. அதனால உள்ரூம் பயிற்சியிலேருந்து உனக்கு விதிவிலக்கு குடுக்கறேன். எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். உண்ணாமலை உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனால் அடுத்த பாவு அவர் கொடுத்தால்தானே அடுப்பு எரியும்?

விதிவிலக்கு பெற்றவர்களும் பயிற்சிக்கு நேரில் வந்து விதிவிலக்கைப் பதிவு செய்ய வேண்டும் என்று அன்புச்செல்வன் சொல்லியனுப்பினார். போனோம். மண்டபத்துப் பாத்திர அறையில் எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அண்டாக்களுக்கு நடுவில் ஜமக்காளம். வெளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு செயலாளர், "பயணிகள் கவனத்துக்கு! கப்பல் இப்போது நடுக்கடலில் சென்றுகொண்டிருக்கிறது. நீங்கள் எதையும் பார்க்கவில்லை. எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்!" என்று அறிவித்தார்.

உண்ணாமலை இருட்டில் சுவரைத் தடவிப் பார்த்தாள். "நம்ம வூட்டு சொவுரே தேவலாங்க" என்றாள். "அதுல எங்க காரை பேந்திருக்குதுன்னாவது எனக்குத் தெரியும்."

ஆவணி பிறந்தது. முகூர்த்தம் வந்தது, தறி ஓடியது. கடல் அமைதியாகிக் கப்பலும் ஓட ஆரம்பித்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தான். உண்ணாமலை தறியிலிருந்து மயில்கழுத்து நிறத்தில், அரக்கு பார்டர் போட்ட சேலை ஒன்று இறங்கியது. அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் முதலாளி வீட்டுக்குப் போனோம். எப்போது கிளம்புகிறோம் என்று இன்றைக்குக் கேட்டே தீர்வது என்று போனோம்.

வாசலில் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிவைத்திருந்தது.

"வாப்பா சம்பந்தம்" என்றார் முதலாளி. "நாளைக்குக் கப்பலுக்குக் கிளம்பறோம். நானு, வீட்டம்மா, செயலாளர்."

"நாங்க?"

"அவசரப்படாத. நம்ம குறிப்பெல்லாம் நெசந்தானான்னு ஒருத்தன் போய்ப் பாத்து சோதன பண்ண வேணாமா? பாவம், ஏழைங்க நீங்க போயி ஏமாந்துட்டா? அதனால சங்கத்துப் பணத்துல ஆய்வுப் பயணம். கஷ்டந்தான். என்னா பண்றது, பொறுப்புன்னு வந்துட்டா போய்த்தானே ஆவணும்."

"எந்த ரூமுங்க?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"பால்கனி ரூமு" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "உள்ரூமு எவ்வளவு மிச்சம்னு கண்டுபிடிக்கணும்னா, வெல ஒசந்த ரூமுல என்னா வீணாப் போவுதுன்னு யாராவது தங்கிப் பாக்கணும் இல்ல?"

அதற்குள் அவர் மனைவி ஸ்வர்ணலதா வெளியே வந்து, எங்கள் கையிலிருந்த சேலையை விரித்துத் தோளில் போட்டுப் பார்த்தார். "இது கடைக்குப் போக வேணாங்க. கப்பல்ல நான் கட்டிக்கறேன்" என்று உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நெய்தவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அவர்கள் போய்வந்த அடுத்த அமாவாசையன்று மண்டபத்தில் ஆய்வறிக்கைக் கூட்டம். வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, மிஷின் வைத்துப் படம் காட்டினார்கள். தலைவர் உணவு மேஜையில். தலைவர் நீச்சல்குளத்தில், தொப்பையோடு. செயலாளர் கப்பல் ஓட்டுகிறவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு.

"பால்கனி ரூமுல மூணு ராத்திரி தங்கினோம்" என்று தலைவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். "வீண் செலவுன்னா என்னான்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அவ்ளோ பெரிய கட்டிலு! அவ்ளோ பெரிய ஜன்னலு! ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. இந்த வேதன என்னோட போவட்டும், என் நெசவாளி ஒருத்தனுக்குக்கூட இது வரக்கூடாதுன்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்!"

நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்த படம் விழுந்தது. பெரிய ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம் நீலமாகக் கடல், கண்ணுக்கு எட்டிய வரை கடல். ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஸ்வர்ணலதா. உடம்பில் மயில்கழுத்துச் சேலை, அரக்கு பார்டர்.

உண்ணாமலை என் கையைப் பிடித்தாள். "இன்னாங்க" என்றாள் மெதுவாக. "என் பொடவ போயிட்டுது பாருங்க. அது ஜன்னலாண்ட குந்திகினு கீது."

அவள் எழுந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதாவிடமே போய்விட்டாள்.

"அம்மா, அங்க குந்திகினு பாத்தப்ப என்னாம்மா தெரிஞ்சிச்சி?"

"எங்க? ஜன்னல்லயா?" ஸ்வர்ணலதா கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "ஒண்ணும் இல்ல உண்ணாமலை. ஒரே தண்ணி. எத்தன நேரந்தான் தண்ணியையே பாக்கறது? ஃபோட்டோ எடுத்ததும் ஸ்கிரீன இழுத்து மூடிட்டு சீரியல் பாத்துகினு இருந்தேன்."

உண்ணாமலை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் மேடையைப் பார்த்துக் கத்தினேன்.

"மொதலாளி, எங்களுக்குக் கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாம். கட்டின துட்டத் திருப்பிக் குடுத்துடுங்க!"

அன்புச்செல்வன் மைக்கை வாங்கினார். "மிஸ்டர் சம்பந்தம், உங்க பணம் இப்ப மிச்சமாகி இருக்கு. ஏன் மிச்சமாகி இருக்கு? நீங்க போகாததால. அதத் திருப்பிக் குடுத்தா என்ன செய்வீங்க? செலவு பண்ணிடுவீங்க. அப்புறம் அது எப்படி மிச்சமாகும்? சங்கத்தோட நோக்கமே கெட்டுப்போயிடும்."

ஆறாவது குறிப்பு அன்றைக்கு அறிவிக்கப்பட்டது. போகாமல் இருப்பதே கப்பல் பயணத்தில் ஆகப்பெரிய சிக்கனம். அதை முழுமையாகக் கடைப்பிடித்த உறுப்பினர்கள் எல்லாருக்கும் சான்றிதழ். என் பெயரை வாசித்தபோது போய் வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அதற்கும் ஏதாவது பிடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை எங்கே மாட்டலாம் என்று எரிச்சலோடு கேட்டேன். உண்ணாமலை நேரே தன் தறிக்குப் போனாள். அமாவாசை என்றும் பார்க்காமல் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே சுவரைப் பார்த்தாள். எழுந்து போய், குழியில் உட்கார்ந்தால் தன் கண் வரும் மட்டத்துக்குச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்தாள். அப்புறம் கோட்டைச் சுற்றி ஒரு கட்டம்.

"சடையன் கொத்தனார நாளைக்கி வரச் சொல்லுங்க" என்றாள்.

"ஏய், பாவுக்குக் காத்து ஆவாதுடி. இழ அறுந்துடும். மொதலாளி நம்மளக் கொன்னுடுவாரு."

"தறி ஓடற அன்னிக்கு மூடி வெச்சிக்கறன். அமாவாசைக்குத் தறி சும்மாத்தான கெடக்குது? அன்னிக்கிப் பாவத் துணி போட்டு மூடிட்டு இதத் தொறப்பன். மாசத்துல ஒரு நாளு. அதுகூட எனக்கு இல்லன்னா நானு இன்னாத்துக்குங்க இருக்கறன்?"

சொல்லியனுப்பினேன். சடையன் வந்தார். கரிக்கோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, முட்டி உசரத்துல ஜன்னலு? நின்னுகினு பாத்தா ஒண்ணும் தெரியாதே" என்றார். "நின்னுகினு பாக்கறவங்களுக்கு இல்லீங்க" என்றாள் அவள். சடையனின் அப்பா கடைக்கால் போட்டுக் கட்டிய சுவரைச் சடையன் கடப்பாரையால் பெயர்த்தார். பழைய பலகையில் கதவு அடித்து மாட்டினோம். வீட்டுக்குப் பின்னால் கழனி. அந்தப் பக்கம் போக எங்களுக்கு வழியில்லாததால் நான்கூட அதை ஒழுங்காகப் பார்த்ததில்லை.

அடுத்த அமாவாசைக்கு முன்னால் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் உண்ணாமலை தலைமுழுகி, பாவைத் துணியால் மூடி, குழியில் இறங்கி உட்கார்ந்தாள். கதவைத் தள்ளினாள்.

ஜன்னல் முழுக்க முதலாளி முகம் இருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. பாவில் காற்று படுகிறது என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள், இன்றோடு பிழைப்பு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். கழனி வரப்பில், சேற்றில், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். முட்டி உயர ஜன்னலுக்கு முகம் காட்ட வேறு வழியில்லை. பக்கத்தில் அன்புச்செல்வன், கையில் கத்தரிக்கோல். பின்னால் கேமராவோடு ஓர் ஆள். ஜன்னலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"கொன்னுட்டம்மா உண்ணாமலை!" என்றார் தலைவர். "கப்பலே இல்லாம ஜன்னல்! ஏழாவது குறிப்பு இதான்! உள்ரூமு வேணாம்னு ஒரு அம்மா கேட்டுச்சி, சங்கம் மனசு எறங்கி ஜன்னல் குடுத்துச்சின்னு பேப்பர்ல போடப்போறோம். உறுப்பினருங்கெல்லாம் அமாவாசைக்கு அமாவாச வந்து இதுல பாத்துட்டுப் போவட்டும். ஆளுக்கு ஒரு சின்ன கட்டணம். உங்க ரெண்டு பேருக்கும் பாதிதான்!"

அன்புச்செல்வன் கத்தரிக்கோலை நீட்டினார். தலைவர் ரிப்பனை வெட்டினார். கேமரா பளிச்சென்றது. எனக்குப் பல்லெல்லாம் நறநறத்தது. எங்கள் வீட்டுச் சுவர், எங்கள் செங்கல், என் பெண்டாட்டி போட்ட கரிக்கோடு!

"ம், இப்ப சொல்லும்மா" என்றார் தலைவர், தலையை இன்னும் உள்ளே நீட்டி. "ஜன்னல்ல என்னா தெரியுது? பேப்பருக்குச் சொல்லணும்."

"நீங்கதாங்க தெரியறீங்க மொதலாளி."

தலைவருக்கு ஒரே பூரிப்பு. "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்றார் செயலாளரிடம்.

"அதாங்க பேஜாரா கீது" என்றாள் உண்ணாமலை. "சித்த அந்தாண்ட போங்க. மறைக்குது."

எழுதிக்கொண்டிருந்த அன்புச்செல்வனின் பேனா நின்றது. தலைவர் அசட்டுச் சிரிப்போடு கேமராக்காரனைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்தான். உண்ணாமலை கையை எடுத்து, கோழியை ஓட்டுவதுபோல, இரண்டு தடவை வீசினாள்.

எழ முயன்ற தலைவருக்குக் கால் மரத்துப்போயிருந்தது. செயலாளரும் கேமராக்காரனும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, சேற்றிலிருந்து பிடுங்கி, வரப்போடு நடத்திக்கொண்டு போனார்கள். அடுத்த பாவு வருமா வராதா என்று நான் பின்னாலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் இப்போது யாரும் இல்லை. கழனி முழுக்க மழைத்தண்ணீர் நின்றது. காற்று அதன்மேல் வரிவரியாக ஓடியது. அந்தக் கோடியில் ஒரு கொக்கு. உண்ணாமலை ஜன்னல் கட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நான் மெதுவாக அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"என்னாடி தெரியுது?"

"ஒரே தண்ணி" என்றாள் உண்ணாமலை. திரும்பிப் பார்க்கவில்லை. "ஜல்தியா கூப்புடாதீங்க. இன்னிக்கு முழுக்க இங்கதான்."